பேச்சின் வழியே இலக்கணம்: ருஷ்யப் பாலர் பள்ளிகளின் அனுபவம்

நான்கு வயதுக் குழந்தைக்கு இலக்கணம் கற்பிப்பது என்றால் பலருக்கு நகைப்பாகத் தோன்றும். எழுத்தறியாத குழந்தைக்கு எழுவாய் எது, பயனிலை எது என்று விளக்க இயலாது, விளக்கினாலும் பயனில்லை. ஆயினும் அதே குழந்தை தான் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய்க்கேற்ற பயனிலையை அமைத்தே பேசுகிறது. 'அண்ணன் வந்தான்' என்றும், 'அக்கா வந்தாள்' என்றும் வேறுபடுத்திச் சொல்லும் தமிழ்க் குழந்தை திணை, பால் என்னும் பாகுபாடுகளின் பெயரைக்கூடக் கேட்டறியாது. பெயரை அறியாமலேயே அவற்றைத் தவறின்றிக் கையாளுகிறது.

இவ்வாறு ஏட்டின் உதவியின்றி, காதினாலும் நாவினாலும் மட்டுமே கைவரும் இலக்கணத்தை வளர்ப்பதற்குப் பாலர் பள்ளி ஏதேனும் செய்யக்கூடுமா? கூடுமாயின், சரியான வாக்கியத்தைக் குழந்தை பன்முறை திருப்பிச் சொல்லும்படி செய்வது போதுமா, அன்றி வேறு வழி வேண்டுமா? இவ்வினாக்களை நெடுங்காலம் பொறுமையுடன் ஆராய்ந்த நாடுகளுள் ருஷ்யா ஒன்றாகும். அங்கு மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளின் பள்ளிகளில், 'பேச்சின் இலக்கண அமைப்பை உருவாக்குதல்' என்பது ஆசிரியையின் தனிப் பணிகளுள் ஒன்றாகக் கருதப்பட்டு வந்துள்ளது. சோவியத் ஆட்சி 1991-ம் ஆண்டில் முடிவுற்ற பின்னரும் அப்பணி நின்றுவிடவில்லை.

விகுதிகள் நிறைந்த மொழி

ருஷ்யர்கள் இதில் இத்துணைக் கவனம் செலுத்துவதற்கு அவர்களுடைய மொழியின் இயல்பே முதற்காரணம். தமிழில் பால் என்பது பொருளைப் பற்றியது. மேசை, புத்தகம், ஜன்னல் ஆகிய மூன்றும் அஃறிணை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ருஷ்ய மொழியிலோ மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் இவ்விரண்டுமல்லாத பால். இதற்குப் பொருளில் காரணம் தேடினால் கிடைக்காது. சொல்லின் இறுதி ஒலியிலேதான் காரணம் உள்ளது. மேசையைக் குறிக்கும் 'ஸ்தோல்' மெய்யில் முடிகிறது. புத்தகத்தைக் குறிக்கும் 'க்னீகா' ஆகார ஒலியில் முடிகிறது. ஜன்னலைக் குறிக்கும் 'அக்னோ' ஓகார ஒலியில் முடிகிறது.

இப்பாகுபாடு பெயரோடு நின்றுவிடுவதில்லை. பெயரடையும் இறந்தகால வினையும் அதற்கேற்பத் திரிகின்றன. 'ஓநாய் வந்தது' என்பதற்கு 'வோல்க் பிரிஷோல்' என்றும், 'நரி வந்தது' என்பதற்கு 'லிஸா பிரிஷ்லா' என்றும், 'கடிதம் வந்தது' என்பதற்கு 'பிஸ்மோ பிரிஷ்லோ' என்றும் கூறவேண்டும். தமிழில் 'வந்தது' என்னும் ஒரே சொல் மூன்றுக்கும் போதுமானது. இவற்றோடு ஆறு வேற்றுமைகளும், அவ்வேற்றுமைகளில் பாலுக்கேற்ப மாறும் உருபுகளும் சேர்ந்துகொள்கின்றன. தமிழில் 'ஆல்' என்னும் ஓர் உருபு கத்திக்கும் கரண்டிக்கும் பொது. ருஷ்ய மொழியில் கத்தி ஆண்பாலாதலால் அது 'நோஷோம்' என்றாகிறது. கரண்டி பெண்பாலாதலால் 'லோஷ்கொய்' என்றாகிறது. குழந்தைகளோ கரண்டியையும் 'லோஷ்கோம்' என்று சொல்லிவிடுகின்றன.

விதிக்குப் புறம்பான சொற்களும் உண்டு. தந்தையைக் குறிக்கும் ருஷ்யச் சொல் 'பாப்பா' என்பது. (தமிழ் வாசகர்கள் இதைக் குழந்தை என்று கொள்ளலாகாது!) இச்சொல் ஆகார ஒலியில் முடிந்தும் ஆண்பாலாகவே வழங்குகிறது. சிறு குழந்தைகள் சில காலம் தந்தைக்கும் பெண்பால் வினையைச் சேர்த்துப் பேசுவதுண்டு. தந்தை ஆண்மகன் என்பதை அக்குழந்தைகள் அறியாமல் இல்லை. சொல்லின் ஓசை அவ்வறிவை மீறி அவற்றை இழுத்துச் செல்கிறது.

ஒரு தந்தையின் நாட்குறிப்பு

குழந்தை இவ்வமைப்பைக் கைக்கொள்ளும் முறையை முதன்முதலாக முழுமையாகப் பதிவு செய்தவர்களுள் அலெக்ஸாண்டர் க்வோஸ்தேவ் (1892-1959) என்னும் மொழியியல் அறிஞர் சிறப்பிடம் பெறுகிறார். 1921-ம் ஆண்டில் பிறந்த தம் மகன் ஷேனியாவின் பேச்சை அவர் முதற்சொல்லிலிருந்து பள்ளிப் பருவம் வரையில் நாட்குறிப்பாக எழுதி வந்தார். ஒலிகளை உள்ளவாறே குறித்தார், சூழ்நிலையையும் குறித்தார். அக்குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு, ருஷ்ய மொழியின் இலக்கண அமைப்பு குழந்தையிடம் உருவாகும் முறையைப் பற்றிய அவருடைய நூல் 1949-ம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூல் வெளிவந்தபோது ஷேனியா உயிருடன் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அவன் மாண்டு போயிருந்தான்.

ஏறத்தாழ ஒன்றே முக்கால் வயது வரையில் அக்குழந்தையின் சொற்கள் எவ்வகைத் திரிபுமின்றி, வெறும் அடிச்சொற்களாகவே நின்றன. அதன் பின்னர் விகுதிகள் தோன்றின. மூன்று வயது நிறைவதற்குள் வேற்றுமை, எண், காலம் ஆகிய முக்கியமான பாகுபாடுகள் யாவும் பேச்சில் இடம்பெற்றுவிட்டன. மூன்றுக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட காலம் பெரும்பாலும் விதிவிலக்குகளைக் கற்பதிலேயே கழிந்தது. ஒரு குழந்தையின் வரலாற்றைக் கொண்டு எல்லாக் குழந்தைகளையும் அளத்தல் முறையன்று. அதிலும் ஷேனியா மொழியியல் அறிஞரின் மகன். எனினும் பிற்காலத்தில் பல குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சிகள் க்வோஸ்தேவ் கண்ட பொதுப் போக்கை மெய்ப்பித்துள்ளன.

இதிலிருந்து பெறப்படும் செய்தி முக்கியமானது. பாலர் பள்ளியில் சேரும் மூன்று வயதுக் குழந்தை, வெற்றுப் பலகையாக வருவதில்லை. அதனிடம் இலக்கணம் இருக்கிறது. சொல்லப்போனால், வேண்டிய அளவுக்கு மேலாகவே இருக்கிறது. கரண்டியை 'லோஷ்கோம்' என்னும் குழந்தை அச்சொல்லை எவரிடமிருந்தும் கேட்டுக் கற்கவில்லை. தானே கண்ட விதியை எல்லாவற்றிற்கும் பொருத்துகிறது. மேல்சட்டையைக் குறிக்கும் 'பல்தோ' என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். ருஷ்ய இலக்கணப்படி அது எவ்வேற்றுமையிலும் திரியாது. குழந்தைகள் இவ்விலக்கை ஏற்பதில்லை. 'பல்தா', 'பல்தோம்' என்று அதை ஒழுங்காகத் திரித்து வழங்குகின்றன. கோர்னேய் சுகோவ்ஸ்கி என்னும் புகழ்பெற்ற குழந்தைக் கவிஞர் இத்தகைய மழலை ஆக்கங்களைப் பெருமளவில் சேகரித்து வெளியிட்டார். 1933-ம் ஆண்டு முதல் 'இரண்டு முதல் ஐந்து வரை' என்னும் பெயருடன் பல பதிப்புகள் கண்ட அந்நூல், குழந்தையின் பிழையை நகைப்புக்குரியதாக மட்டும் நோக்கிய பெற்றோர்களை வேறு கண்கொண்டு நோக்கச் செய்தது.

அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்னும் அம்மையார் 1958-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதனையே காட்டியது. எம்மொழியிலும் இல்லாத கற்பனைப் பிராணி ஒன்றின் படத்தைக் காட்டி, அதன் பெயர் 'வக்' என்று சொல்லி, பின்னர் அத்தகைய இரண்டின் படத்தைக் காட்டியபோது, பாலர் பள்ளிக் குழந்தைகளுள் பெரும்பாலோர் தயங்காமல் 'வக்ஸ்' என்றனர். முன்பு கேட்டிராத சொல்லின் பன்மையை நினைவிலிருந்து எடுத்திருக்க இயலாது. விதி அவர்களிடம் இருந்தது.

கண்ணாடியினூடே காண்பது போல

விதியைக் கையாளும் குழந்தை அவ்விதியை நோக்குவதில்லை. ஜன்னல் கண்ணாடியினூடே தெருவைக் காண்பவர் கண்ணாடியைக் கவனிப்பதில்லை அல்லவா? அவ்வாறே குழந்தை சொல்லினூடே பொருளைக் காண்கிறதேயன்றிச் சொல்லைக் காண்பதில்லை. இவ்வுவமை சோவியத் மனோதத்துவ நிபுணர்களிடையே பெருவழக்காயிருந்தது.

எஸ். என். கார்ப்போவா என்பவர் 1955-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதை எளிமையாக விளக்குகிறது. ஒரு வாக்கியத்தைக் கூறி, அதில் எத்தனை சொற்கள் உள்ளன என்று அவர் குழந்தைகளைக் கேட்டார். மிகச் சிறியவர்கள் வாக்கியம் முழுவதையும் ஒன்றாகவே கொண்டனர். சற்று வளர்ந்தவர்கள் அவ்வாக்கியத்தில் வரும் ஆட்களையும் பொருள்களையும் எண்ணினர். பள்ளி வயதை நெருங்கியவர்களும் இணைப்புச் சொற்களையும், ருஷ்ய மொழியில் தனிச்சொற்களாக நிற்கும் 'மேல்', 'கீழ்' போன்ற இடைச்சொற்களையும் எண்ணாது விட்டனர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வில்லையை நகர்த்தி வைக்கச் செய்தபோது இப்பணி எளிதாயிற்று. கைக்கு வேலை கிடைத்தபோது காது கூர்மையடைந்தது எனலாம்.

ஆகவே, பாலர் பள்ளியில் இலக்கணக் கலைச்சொற்களுக்கு இடமில்லை. அதே சமயத்தில், விகுதி ஒன்று இருக்கிறது என்பதைக் குழந்தையின் காது எவ்வாறேனும் உணரவேண்டும்.

திருப்பிச் சொல்வதும் தேடிச் சொல்வதும்

இதற்கு வழி யாது என்பதை எம். ஐ. பொப்போவா என்னும் ஆராய்ச்சியாளர் 1958-ம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை தெளிவாக்கியது. இரண்டு வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகள், இறந்தகால வினையை எழுவாயின் பாலுக்கேற்ப அமைக்கக் கற்பதை அவர் ஆராய்ந்தார். முதலில் கையாண்ட முறை எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே. சரியான தொடர்கள் குழந்தையின் முன் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டன. குழந்தையும் அவற்றைச் சொல்லிப் பழகியது. நூற்றுக்கணக்கான தடவை சொல்லியும் பயன் மிகச் சொற்பமாகவே இருந்தது. கேட்ட தொடர்களைக் குழந்தை நினைவில் வைத்துக்கொண்டது; புதிய பெயரொன்று வந்ததும் பழையபடி தடுமாறியது.

பின்னர் அவர் முறையை மாற்றினார். ருஷ்யாவில் 'தெரெமோக்' என்றொரு நாட்டுக்கதை உண்டு. வயல்வெளியில் நிற்கும் சிறு வீட்டை நாடி எலி, தவளை, முயல், நரி, ஓநாய் என ஒவ்வொரு பிராணியாக வந்து இடங்கேட்டுக் குடியேறும் கதை அது. ஒவ்வொரு வருகைக்கும் அதே கேள்வியும் அதே மறுமொழியும் அடுக்கிக்கொண்டே போகும். அக்கதையின் சிறு வீடு விளையாட்டுப் பொருளாக அமைக்கப்பட்டது. பொம்மைப் பிராணி வீட்டினுள் புகவேண்டுமானால், அது வந்ததைக் குழந்தை சரியான விகுதியோடு சொல்ல வேண்டும். நரிக்கு 'பிரிஷ்லா' என்றால் நரி உள்ளே செல்லும். 'பிரிஷோல்' என்றால் அது வெளியிலேயே நிற்கும். குழந்தையை எவரும் கடிந்துகொள்ளவில்லை, விளக்கவும் இல்லை. நரி நகரவில்லை, அவ்வளவே.

இம்முறையில், முன்னதைவிட மிகக் குறைந்த தடவைகளிலேயே குழந்தைகள் பெயரின் இறுதி ஒலியைக் கவனிக்கத் தொடங்கின. ஒருமுறை அக்கவனம் வந்தபின், பழக்கமில்லாத பெயர்களுக்கும் உரிய வினையைச் சேர்த்தன. இரு முறைகளிலும் குழந்தையின் வாயிலிருந்து வந்த தொடர்கள் ஒரே வகையானவைதாம். முதல் முறையில் விகுதி எதுவாயிருந்தாலும் நிகழ்ச்சியில் மாறுதல் இல்லை. இரண்டாவது முறையில் விகுதியைப் பொறுத்தே நிகழ்ச்சி நடந்தது. வாய்மொழிப் பயிற்சி என்பது எத்தனை தடவை என்னும் கணக்கைப் பொறுத்ததன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கேட்டல் பயனற்றது என்றும் இதைக்கொண்டு முடிவு கட்டலாகாது. 2006-ம் ஆண்டில் மரீனா வசீலியேவா, ஜானெல்லன் ஹட்டன்லாக்கர், ஹெய்டி வாட்டர்ஃபால் ஆகியோர் ஆங்கிலம் பேசும் நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பத்து அமர்வுகளில் கதைகளைச் சொல்லச் செய்தனர். ஒரு சாராருக்குச் சொன்ன கதைகளில் செயப்பாட்டு வினை வாக்கியங்கள் மிகுதியாகவும், மற்றவர்களுக்குச் சொன்னவற்றில் செய்வினை வாக்கியங்கள் மிகுதியாகவும் இருந்தன. செயப்பாட்டு வினையை மிகுதியாகக் கேட்ட குழந்தைகள் அவ்வகை வாக்கியங்களைக் கூடுதலாகவும், குறைந்த பிழைகளோடும் பேசின; கேட்டுப் புரிந்துகொள்வதிலும் முந்தின. கதையில் யார் யாரைத் துரத்தினார் என்பதை அறிய விரும்பும் குழந்தைக்கு வாக்கியத்தின் அமைப்பு தேவைப்படுகிறது. பொருளற்ற எடுத்துக்காட்டுகளின் வரிசைக்கும் கதைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

விளையாட்டுகள் சில

இத்தகைய பயிற்சி விளையாட்டுகள் ருஷ்யாவில் பொப்போவாவுக்கு முன்னரே வேரூன்றியிருந்தன. 1864-ம் ஆண்டில் 'தாய்மொழி' என்னும் பொருள்படும் பெயரில் தொடக்கப் பாடநூலை வெளியிட்ட உஷின்ஸ்கி, மொழிப் பயிற்சியை வாய்மொழியிலிருந்தே தொடங்கவேண்டும் என்னும் மரபைத் தோற்றுவித்தார். அம்மரபில் வந்த எலிஸவேத்தா தீஹெயெவா (1867-1943) அதைப் பாலர் பள்ளிக்கு ஏற்றதாக்கினார். இவ்வம்மையார் மாண்ட்டிசோரியின் குழந்தை இல்லங்களை ரோமாபுரியில் நேரிற் கண்டு நூலும் எழுதியவர். ஆயினும் கண்டதை அப்படியே பின்பற்றவில்லை. 1962-ம் ஆண்டில் சோவியத் பாலர் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான பாடத்திட்டம் வெளிவந்தபோது, பேச்சு வளர்ச்சி அதில் உரிய இடம் பெற்றது.

இன்றும் ருஷ்யப் பாலர் பள்ளிகளில் வழங்கும் விளையாட்டுகளுள் 'எது காணாமற்போயிற்று?' என்பது மிகப் பழக்கமானது. மேசைமீது நான்கைந்து பொம்மைகள் வைக்கப்படும். குழந்தைகள் கண்களை மூடிக்கொள்ள, ஆசிரியை ஒன்றை மறைத்துவிடுவார். இல்லாமற்போன பொருளைச் சொல்லும்போது ருஷ்ய மொழியில் அப்பெயர் ஆறாம் வேற்றுமை ஏற்கவேண்டும்: 'மத்ரியோஷ்கா' என்னும் மரப்பொம்மை 'மத்ரியோஷ்கி' ஆகும், முயற்குட்டியான 'ஸாய்சிக்' என்பது 'ஸாய்சிகா' ஆகும். குழந்தைக்கு வேற்றுமையைப் பற்றிக் கவலையில்லை; மறைந்ததைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். பொம்மைகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆசிரியையின் திறமை உள்ளது. ஒரே வகை விகுதியுள்ளவற்றை மட்டும் வைத்தால் குழந்தை எதையும் தேடவேண்டியதில்லை. சற்று வளர்ந்த குழந்தைகளுக்குப் பன்மை வரும், அங்கேதான் இடர்ப்பாடு. ஆறாம் வேற்றுமைப் பன்மையில், நீண்ட காலுறைக்கு முறைப்படி 'சுலோக்' என்றும், குட்டைக் காலுறைக்கு 'நஸ்கோவ்' என்றும் வழங்கவேண்டும். குழந்தைகள் ஒன்றைப் பார்த்து மற்றதையும் 'சுல்கோவ்' என்கின்றன. இதற்கு விதி கூறிப் பயனில்லை. பொம்மைக்கு உடையணிவிக்கும் விளையாட்டில் அவ்விரு சொற்களும் அடிக்கடி வருமாறு ஆசிரியை பார்த்துக்கொள்கிறார்.

இடத்தைக் குறிக்கும் சொற்களுக்குப் பொம்மைகளை ஒளித்துவைக்கும் விளையாட்டு பயன்படுகிறது. கரடி நாற்காலியின்மேல் இருக்கிறதா, கீழா, பின்னாலா என்று குழந்தை சொல்லவேண்டும். இதில் எச்சரிக்கை ஒன்று தேவை. 'இதை அதன்மேல் வை' என்னும் கட்டளையை மிகச் சிறு குழந்தை வாக்கியத்தின் அமைப்பைக் கொண்டு அறிவதில்லை, எதிரேயுள்ள பொருள்களின் நிலையைக் கொண்டே ஊகிக்கிறது என்பதை எஃப். ஏ. சோஹின் தம் ஆராய்ச்சியில் கண்டார். தொப்பியைத் தலைமேல் வைக்கச் சொன்னால் எக்குழந்தையும் வைத்துவிடும். அதனால் அது 'மேல்' என்பதை அறிந்துவிட்டதாகக் கருதலாகாது. சோஹின் பிற்காலத்தில், 1960-ம் ஆண்டில் மாஸ்கோவில் நிறுவப்பட்ட பாலர் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் குழந்தைப் பேச்சு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார்.

ஏவல் வினைக்கு வேறொரு விளையாட்டு. பொம்மைக் கரடி லாரியொன்றில் ஏறிப் போகவேண்டும். குழந்தை கட்டளையிட, ஆசிரியை கரடியை இயக்குவார். 'படு' என்பதற்கு 'லியாக்' என்பது சரி. குழந்தைகள் 'லியாஷ்' என்கின்றன. கட்டளையைச் சரியாகக் கேட்டால்தான் கரடி படுக்கும். 'தெரெமோக்' சோதனையின் சாயல் இங்கும் இருப்பதைக் காணலாம்.

வகுப்பறையின் கணக்கு

விளையாட்டின் சிறப்பு எவ்வளவாயினும், நடைமுறையில் எண்ணிக்கை குறுக்கிடுகிறது. இருபத்தைந்து குழந்தைகள் உள்ள குழுவில் இருபது நிமிட வகுப்பு நடைபெறுவதாகக் கொள்வோம். ஆசிரியை ஒரு சொல்லும் பேசாதிருந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் 48 விநாடிகளே கிடைக்கும். பாதி நேரம் ஆசிரியை பேசினால் எஞ்சுவது 24 விநாடிகள். அதிலும் வாய்ப்பேச்சில் வல்ல சிலர் மற்றவர்களின் பங்கையும் எடுத்துக்கொள்கின்றனர். பேசப் பழகவேண்டிய குழந்தையே பேசாமல் அமர்ந்திருக்கும் நிலை எந்நாட்டு வகுப்பிலும் உண்டு.

இதற்குப் பரிகாரமாக எல்லாரையும் ஒருங்கே சொல்லச் செய்வது எளிய வழி. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் பெரைட்டர், ஸீக்ஃப்ரீட் எங்கல்மன் ஆகிய இருவரும் வறிய குடும்பங்களைச் சேர்ந்த நான்கு வயதுக் குழந்தைகளைச் சிறு குழுக்களாக அமர்த்தி, 'இது பந்து', 'இது பந்து அன்று' என்பன போன்ற வாக்கியங்களை ஒரே குரலில், விரைவான கதியில் சொல்லப் பழக்கினர். 1966-ம் ஆண்டில் அவர்களது நூல் வெளிவந்தது. பாடங்களில் குழந்தைகள் முன்னேறியதாக அவர்கள் காட்டினர். ஆனால் அக்குழந்தைகளுக்கு மொழியே இல்லை என்பதுபோல் அம்முறை தொடங்குவதை வில்லியம் லேபவ் என்னும் மொழியியல் அறிஞர் 1969-ம் ஆண்டில் வன்மையாக மறுத்தார். அவர்களுடைய பேச்சுக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு. அது பள்ளியின் இலக்கணத்திலிருந்து வேறுபட்டது என்பதே அவர் வாதம். அவ்வாதத்தின் நியாயத்தைக் காலம் உறுதிப்படுத்தியுள்ளது.

ருஷ்யப் பள்ளிகளிலும் குறைகள் இல்லாமலில்லை. முழு வாக்கியத்தில் விடை கூறவேண்டும் என்று குழந்தையை வற்புறுத்தும் வழக்கம் அவற்றுள் ஒன்று. 'கையில் என்ன?' என்று கேட்டால் 'பந்து' என்பதே பேச்சிலக்கணப்படி முறையான விடை. 'என் கையில் பந்து இருக்கிறது' என்று சொல்லச் செய்வது, எவரும் பேசாத மொழியைக் கற்பிப்பதாகும். ருஷ்ய முறையியலாளர்களுள்ளேயே இதைக் கண்டித்தவர்கள் உண்டு.

பிழையைத் திருத்துவது பற்றிய அவர்களது அறிவுரை பின்பற்றத்தக்கது. பிழையான வடிவத்தை ஆசிரியை தம் வாயால் மறுபடியும் சொல்லலாகாது; நகைக்கவும் ஆகாது. 'பல்தா' என்று குழந்தை சொன்னால், 'ஆம், பல்தோ இல்லாமல் வெளியே போனால் குளிரும்' என்று உரையாடலின் போக்கிலேயே சரியான வடிவத்தைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பின்தங்கும் குழந்தை

பெரும்பாலான குழந்தைகள் பள்ளியின் உதவி இருப்பினும் இல்லாவிடினும் ஏழு வயதுக்குள் தம் மொழியைக் கற்றுக்கொள்கின்றன. அங்ஙனமாயின் இப்பயிற்சிகளால் யாருக்கு நன்மை என்னும் வினா எழும். இதற்கு விடையை ரோஸா லெவினா என்னும் அம்மையாரின் பணியில் காணலாம். மாஸ்கோவில் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களிலும் 1960-களிலும் அவரும் அவருடைய குழுவினரும், செவியும் அறிவும் குறைவற்றிருந்தும் பேச்சு மட்டும் வளராத குழந்தைகளை ஆராய்ந்தனர். ஐந்து வயதிலும் விகுதிகளின்றி அடிச்சொற்களை அடுக்கிப் பேசும் குழந்தைகள் அவர்களுள் இருந்தனர். இந்நிலையை மூன்று படிகளாக லெவினா வகுத்தார். இவர்களுக்கு வீட்டில் கேட்கும் பேச்சு போதுவதில்லை.

ருஷ்ய மொழியில் அழுத்தம் பெறாத விகுதிகள் மெல்லியனவாய் ஒலிக்கும். ஒலிகளைப் பிரித்தறியும் திறன் குன்றிய குழந்தைக்கு அவை காதில் விழுவதேயில்லை. எனவே பயிற்சி மிகத் தெளிவான வேறுபாட்டிலிருந்து தொடங்கப்படுகிறது. ஒருவர் நடக்கும் படத்துக்கு 'இதியோத்'. பலர் நடக்கும் படத்துக்கு 'இதூத்'. ஆசிரியை ஒன்றைச் சொல்ல, குழந்தை உரிய படத்தை எடுத்துக் கொடுக்கிறது. பின்னர் குழந்தை சொல்ல, ஆசிரியை எடுக்கிறார். தவறாகச் சொன்னால் தவறான படமே கைக்கு வரும். சாதாரணக் குழந்தை தானாகவே கடந்து செல்லும் படியை இக்குழந்தை மாதக்கணக்கில் ஏறவேண்டியுள்ளது. இத்தகைய குழந்தைகளுக்கெனப் பாலர் பள்ளிகளில் தனிக் குழுக்கள் அமைக்கப்பட்டன; பேச்சுப் பயிற்சியில் தேர்ந்த ஆசிரியைகள் அவற்றை நடத்தி வருகின்றனர். பேசாத குழந்தையை மந்தமென்று ஒதுக்கிவிடாமல், முதலில் அதன் செவியைச் சோதிக்கவேண்டும் என்பது இத்துறையில் அடிப்படை விதி.

இந்தியாவில் 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், அங்கன்வாடிகளில் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி அளிக்கப்படுகிறது. ருஷ்ய விளையாட்டுகளை அங்கே அப்படியே புகுத்த இயலாது. தமிழைப் பொறுத்தவரை, குழந்தையின் வாயில் உள்ளது 'வந்துச்சு'. ஏட்டில் உள்ளது 'வந்தது'. 'வந்துச்சு' என்பதைப் பிழையென்று திருத்தப் புகுந்தால், திருத்தப்படுவது குழந்தையன்று, அதன் தாயின் பேச்சு. பேச்சிலக்கணப் பயிற்சிக்கு எந்தப் பேச்சை அளவாகக் கொள்வது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். ருஷ்யர்களுக்கு இவ்வளவு பெரிய இடைவெளி இருந்ததில்லை. வீட்டில் ஒரு மொழியும் அங்கன்வாடியில் வேறு மொழியும் கேட்கும் குழந்தைகள் உள்ள மாநிலங்களில் இவ்வினா மேலும் கடினமாகிறது.

கடிதம் சொல்லும் குழந்தை

விகுதியும் வேற்றுமையும் கைவந்த பின்னர் எஞ்சுவது வாக்கியத்தை நீட்டும் திறன். சிறு குழந்தை சூழ்நிலையைச் சார்ந்தே பேசுகிறது என்பதை ஏ. எம். லெவுஷினா லெனின்கிராடில் நடத்தி 1941-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டினார். 'அவன் அங்கே போனான், அதை எடுத்தான்' என்று சொல்லிவிட்டுக் கேட்பவருக்கு எல்லாம் தெரியும் என்று குழந்தை எண்ணிக்கொள்கிறது. எதிரில் இருப்பவர் தலையசைக்கும் வரையில் அதற்கு வேறு வாக்கியம் தேவைப்படுவதில்லை.

இதற்கு ருஷ்ய ஆசிரியைகள் கையாளும் வழி ஒன்று உண்டு. நோயுற்று வீட்டிலிருக்கும் தோழனுக்குக் கடிதம் எழுதவேண்டும் என்பார் ஆசிரியை. குழந்தைகள் சொல்ல, அவர் எழுதுகிறார். கடிதத்தைப் படிப்பவன் இங்கு இல்லை. ஆகையால் 'அவன்' யார், 'அங்கே' எங்கே என்று சொல்லியாக வேண்டும். எழுதுகோலோ நாவைவிட மெதுவாகச் செல்கிறது. ஆசிரியை எழுதி முடிக்கும் வரையில் குழந்தை காத்திருக்கிறது. தான் சொன்னது மறுபடியும் வாய்விட்டுப் படிக்கப்படுவதைக் கேட்கிறது. 'அப்படி இல்லை, மாற்றுங்கள்' என்கிறது. 'நாங்கள் வெளியே போகவில்லை' என்று நின்றிருந்த வாக்கியத்தோடு, 'ஏனென்றால் பனி பெய்தது' என்பது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பின்போதே வந்து சேருகிறது.